உக்கிராணத்துக்கு வரும் பொட்டலம்

எப்படி இயங்குகிறது? லினக்ஸ் கணினிக்குள் ஒரு மென்பொருள் வந்து சேரும் வழி

லினக்ஸ் பிடித்தவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் பேச்சு மூன்று விஷயங்களைச் சுற்றி வரும். எந்த மின்னஞ்சல் சேவையை வைத்துக்கொள்ளலாம், எந்த மென்பொருளைத் தைரியமாகப் போடலாம், அடுத்து எந்த லேப்டாப் வாங்கலாம். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார். ஆனால் மென்பொருள் நிறுவுவது என்று வந்துவிட்டால், புதிதாக வந்தவருக்கு எல்லோரும் சொல்லும் புத்தி ஒன்றுதான்: "கண்ட தளத்துல இருந்து இறக்காதீங்க. உங்க டிஸ்ட்ரோவோட ரெப்போல இருந்தே போடுங்க."

ஏன் என்று கேட்டால், "அதுதான் சேஃப்" என்பதோடு பதில் நின்றுவிடும். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் முப்பது வருட உழைப்பு இருக்கிறது. அது தெரிந்துவிட்டால், எதை நம்பலாம், எங்கே யோசிக்க வேண்டும் என்பதை அடுத்தவரிடம் கேட்காமல் நீங்களே முடிவு செய்யலாம்.

ஒரு நிஜமான உதாரணத்தைக் கையில் எடுப்போம். டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோ போட்ட கணினி. மின்னஞ்சல் பார்க்கத் தண்டர்பேர்டு வேண்டும். டெர்மினலைத் திறந்து "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் தண்டர்பேர்டு" என்று அடிக்கிறீர்கள். எழுத்துகள் ஓடுகின்றன, சற்று நேரத்தில் மெனுவில் தண்டர்பேர்டு உட்கார்ந்திருக்கிறது. இடையில் நடந்தது என்ன?

சமையற்கட்டில் யார் யார்

ஒரு கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தலைமைச் சமையல்காரர் ஒருவர் இருப்பார். இன்றைக்கு என்ன சமையல், எதற்கு எது சேரும், எது இருக்கிறது, எது வரவேண்டும் என்ற கணக்கு முழுக்க அவர் தலையில். சாமான் வாங்கிவரக் கையாட்கள் உண்டு. வந்த சாமானைப் பிரித்து, டப்பாக்களில் கொட்டி, நோட்டில் வரவு எழுதுபவர் உக்கிராணக்காரர். சாமான் வருவது ஊரின் பெரிய மண்டியிலிருந்து. மசாலாப் பொடிகளையும் மண்டியிலேயே அரைத்து, பொட்டலம் கட்டி அனுப்புகிறார்கள்.

உங்கள் கணினிதான் அந்தச் சமையற்கட்டு. ஆப்ட் என்ற நிரல் தலைமைச் சமையல்காரர். டீபேக்கேஜ் என்ற நிரல் உக்கிராணக்காரர். எது நிறுவப்பட்டிருக்கிறது, எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு எங்கே என்பதெல்லாம் அதன் நோட்டில் இருக்கும். மண்டி என்பது டெபியனின் களஞ்சியம், நாம் ரெப்போ என்று சொல்வது. நிரலாளர்கள் எழுதும் மூல நிரல் பொடியின் செய்முறைக் குறிப்பு என்றால், கணினியில் ஓடக்கூடிய பைனரி அரைத்துக் கட்டிய பொடி.

டெபியனை 1993 ஆகஸ்டில் இயன் முர்டாக் தொடங்கினார். முதலில் வந்தவர் உக்கிராணக்காரர்தான். பொட்டலத்தை நீங்கள் தேடிக் கொண்டுவந்து கொடுத்தால் பிரித்து வைப்பார், அவ்வளவே. தலைமைச் சமையல்காரர் 1999-ல் வெளிவந்த டெபியன் 2.1-ல் வந்து சேர்ந்தார். உபுண்டு, லினக்ஸ் மின்ட், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்று டெபியனிலிருந்து கிளைத்த எல்லாவற்றிலும் இதே ஆட்கள்தான் வேலை பார்க்கிறார்கள். ஃபெடோரா, ஆர்ச் போன்ற மற்ற டிஸ்ட்ரோக்களில் ஆட்களின் பெயர் வேறு, வேலை ஒன்றே.

முதலில் லிஸ்ட்

"ஆப்ட் அப்டேட்" என்ற கட்டளை எதையும் நிறுவாது. புதியவர்கள் பலர் இந்த இடத்தில் குழம்புவார்கள். தலைமைச் சமையல்காரர் மண்டியிலிருந்து இன்றைய சாமான் லிஸ்டை வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். டெபியன் 12 வெளியானபோது அந்த லிஸ்டில் 64,419 பொட்டலங்கள் இருந்தன.

ஒவ்வொரு பொட்டலத்துக்கும் லிஸ்டில் சில வரிகள் உண்டு. பெயர், பதிப்பு, அளவு, பொறுப்பாளர், அது வேலை செய்ய வேறு என்னென்ன வேண்டும் என்பவை. கடைசியில் 64 எழுத்தில் ஒரு நீளமான குறியீடு. பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான எண்களும் ஆறு ஆங்கில எழுத்துகளும் கலந்த அந்தக் குறியீடுதான் முழு ஏற்பாட்டின் அச்சாணி. அதைப் பிறகு பார்ப்போம். இப்போது கேட்க வேண்டியது: இந்த லிஸ்டே நிஜமானதுதானா?

லிஸ்டின் மேல் முத்திரை

மண்டிக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே நீளமான தெரு இருக்கிறது. உங்கள் வைஃபை, இணைய நிறுவனம், நடுவில் இருக்கும் சர்வர்கள் எல்லாம் அந்தத் தெருதான். வழியில் எவராவது லிஸ்டை மாற்றிக் கொடுத்துவிட்டால்?

அதனால் மண்டிக்காரர் லிஸ்டின் தலைப்பில் முத்திரை குத்தி அனுப்புகிறார். டெபியனில் இதற்கு இன்ரிலீஸ் என்ற சிறிய கோப்பு இருக்கிறது. எல்லா லிஸ்ட்களின் குறியீடுகளும் அதில் வரிசையாக இருக்கும், கீழே டெபியனின் மின்கையொப்பம் இருக்கும். அந்தக் கையொப்பத்தைப் போடுவதற்கான ரகசியச் சாவி டெபியனிடம் மட்டும் உண்டு. சரிபார்ப்பதற்கான பொதுச் சாவி, நீங்கள் டெபியனை நிறுவிய அன்றே உங்கள் கணினிக்குள் வந்துவிட்டது.

மரக்கட்டையில் செதுக்கிய முத்திரை என்றால், அதன் அச்சை வைத்துக்கொண்டு இன்னொரு கட்டை செதுக்கிவிடலாம். இங்கே அது முடியாது. பொதுச் சாவியை உலகமே வைத்திருந்தாலும், அதைக் கொண்டு கையொப்பத்தைச் சரிபார்க்கலாமே தவிர புதிதாக ஒன்றைப் போட முடியாது. கணிதம் கொடுத்த பெரிய வரம் இது. 2007-ல் வெளிவந்த டெபியன் 4.0 முதல் இந்தச் சோதனை தானாகவே நடக்கிறது. முத்திரை பொருந்தாவிட்டால் அந்த லிஸ்டை ஆப்ட் ஏற்காது.

முத்திரையோடு தேதியும் முக்கியம். ஒரு ஏமாற்றுக்காரர் புது லிஸ்டைத் தடுத்து நிறுத்திவிட்டு, போன மாதத்து லிஸ்டைக் கொடுக்கலாம். அதுவும் அசல்தான், முத்திரையும் பொருந்தும். ஆனால் இந்த மாதம் வந்த பாதுகாப்புத் திருத்தம் அதில் இருக்காது. அதனால் டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்களுக்கான லிஸ்டில் காலாவதித் தேதியும் எழுதப்படுகிறது. தேதி தாண்டிய லிஸ்டைத் தலைமைச் சமையல்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். உங்கள் கணினியின் கடிகாரம் தப்பாக ஓடினால் அப்டேட் தகராறு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே கையொப்ப முறைதான் மின்னஞ்சலிலும் இருக்கிறது. ஃபில் சிம்மர்மன் 1991-ல் பிஜிபி என்ற நிரலை வெளியிட்டார். அதே வழியில் வெர்னர் கோக் எழுதிய க்னூபிஜி 1999-ல் முதல் முழுப் பதிப்பாக வந்தது. தண்டர்பேர்டு 2020-ல் தன் 78-ஆம் பதிப்பிலிருந்து இந்தக் கையொப்பத்தையும் மறையாக்கத்தையும் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டது. எந்த மின்னஞ்சல் சேவை நல்லது என்று வாதாடுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. சாவி யார் கையில்? சேவை நடத்துகிறவர் கையிலா, உங்கள் கையிலா?

முதல் முத்திரை எங்கிருந்து வந்தது

பொதுச் சாவி நிறுவும்போதே வந்துவிட்டது என்றேன். அப்படியென்றால் நிறுவப் பயன்படுத்திய ஐஎஸ்ஓ கோப்பே போலியாக இருந்தால்?

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் ஆட்கள் புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் இறக்கச் சுட்டியை வேறோர் இடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே இருந்த ஐஎஸ்ஓவில் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது. அன்று அதை இறக்கி நிறுவியவர்களின் சமையற்கட்டு முதல் நாளிலேயே திருடன் கைக்குப் போய்விட்டது. அதன் பிறகு எத்தனை முத்திரை பார்த்தும் பயனில்லை.

ஐஎஸ்ஓவை இறக்கியவுடன் அதன் குறியீட்டை இணையதளத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல பழக்கம், ஆனால் பாதி வேலை. சுட்டியை மாற்ற முடிந்தவருக்குப் பக்கத்திலிருக்கும் குறியீட்டையும் மாற்றத் தெரியும். குறியீட்டுக் கோப்பின் மேல் உள்ள கையொப்பத்தைச் சரிபார்ப்பதுதான் முழு வேலை. பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் அதற்கான வழிமுறையைத் தருகின்றன. வருடத்தில் ஒரு முறை செய்யும் வேலைக்குப் பத்து நிமிடம் செலவழிக்கலாம்.

பொட்டலத்தைத் தராசில் வைப்பது

லிஸ்ட் அசல் என்று உறுதியாகிவிட்டது. கையாள் பொட்டலத்தைக் கொண்டுவருகிறார். இப்போது அந்த 64 எழுத்துக் குறியீட்டுக்கு வேலை.

கோப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஷா-256 என்ற கணக்குக்குள் செலுத்தினால் 64 எழுத்துதான் வெளியே வரும். ஒரு மிளகாய் விதை மாறினாலும் முள் வேறெங்கோ போய் நிற்கும் தராசு இது. கடைத் தராசில் கல்லையும் பருப்பையும் ஒரே எடைக்குச் சரிக்கட்டிவிடலாம். இந்தத் தராசில் அப்படிச் சரிக்கட்டும் வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வந்த பொட்டலத்தின் குறியீடும் லிஸ்டில் உள்ள குறியீடும் ஒன்றாக இருந்தால் உள்ளே வரலாம், ஓர் எழுத்து பிசகினாலும் வெளியே.

இதில் ஓர் அழகு இருக்கிறது. பொட்டலம் எந்தத் தெரு வழியாக, யார் கையால் வந்தது என்பது முக்கியமே இல்லை. டெபியனின் பிரதிகளை உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் வைத்திருக்கின்றன. அவர்களில் ஒருவரையும் நீங்கள் நம்பத் தேவையில்லை. முகவரி எச்டிடிபிஎஸ் என்று இல்லாமல் வெறும் எச்டிடிபி என்று இருப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்குப் பதிலும் இதுவே. வழியில் மாற்றினால் தராசு காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் என்ன வாங்குகிறீர்கள் என்பதை வழியில் இருப்பவர் பார்க்கக் கூடாது என்றால் எச்டிடிபிஎஸ் உதவும். அதை வைத்துக்கொள்வதில் நஷ்டமும் இல்லை.

நஷ்டம் இல்லை என்பதற்கு மேலேயும் ஒரு காரணத்தை 2019 ஜனவரி காட்டியது. ஆப்ட்டில் பொட்டலத்தை வாங்கிவருவது ஒரு தனிச் செயல்முறை. வாங்கிவந்ததோடு குறியீட்டையும் அதுவே கணக்கிட்டுத் தலைமைக்குச் சொல்லும். சமையற்கட்டு மொழியில், சாமான் கொண்டுவருகிற கையாளே எடை போட்டுச் சீட்டு நீட்டுகிறார், தலைமைச் சமையல்காரர் சீட்டைப் படித்துத் தலையாட்டுகிறார். வழியில் நிற்கும் ஒருவர், "இந்தக் கடை இல்லை, அந்தக் கடைக்குப் போ" என்று கையாளைத் திருப்பிவிடும் சாக்கில், அந்தச் சீட்டுக்குள் தன் வரிகளைச் செருகிவிட முடியும் என்று ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். பொட்டலம் போலி, சீட்டில் மட்டும் சரியான எடை. ஓட்டையை அடைத்த ஆப்ட் உடனே வெளியானது. முத்திரையும் சரி, தராசும் சரி. எடையைப் பார்த்துச் சொல்லும் ஆளின் பேச்சில்தான் ஓட்டை. சோதனை செய்யும் நிரலையே அவ்வப்போது சோதிக்க ஆள் வேண்டும் என்பது அன்று எல்லோருக்கும் உறைத்தது.

ஒரே புளி, பல குழம்பு

தண்டர்பேர்டு தனியாக வராது. எழுத்துருக்களைக் காட்ட ஒரு நூலகம், சாளரத்தை வரைய ஒரு நூலகம், எல்லாவற்றுக்கும் அடியில் சி நூலகம் என்று சிலவற்றை அது நம்பியிருக்கிறது. தலைமைச் சமையல்காரரின் அனுபவம் இங்கேதான் தெரியும். சாம்பாருக்குப் பருப்பு, புளி, பொடி வேண்டும். பருப்பும் புளியும் உக்கிராணத்தில் இருக்கின்றன, பொடி மட்டும் வரவேண்டும் என்று கணக்குப் போட்டு, இல்லாததை மட்டும் லிஸ்டில் சேர்க்கிறார். நிறுவுவதற்கு முன்னால் திரையில் வரும் நீளமான பெயர் வரிசை அந்தக் கணக்குதான். ஒரு தடவையாவது அதை நின்று படியுங்கள்.

புளியை ஒரே பானையில்தான் கரைத்து வைப்பார்கள். சாம்பாருக்கும் அதுதான், ரசத்துக்கும் அதுதான், வத்தக்குழம்புக்கும் அதுதான். பகிர்ந்த நூலகம் என்பது இந்தப் பானை. இடம் மிச்சம். புளியில் கோளாறு தெரிந்தால் ஒரு பானையை மாற்றினால் போதும். நூறு நிரல்களைத் தனித்தனியாகத் திருத்த வேண்டியதில்லை.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பானையை மாற்றிவிட்டாலும், அடுப்பில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் குழம்பில் பழைய புளிதான் இருக்கும். ஒரு நூலகத்தை அப்டேட் செய்தபின், அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் நிரலை மூடித் திறக்காதவரை பழைய ஓட்டை அப்படியே கிடக்கும். நீட்ரீஸ்டார்ட் என்ற சிறிய நிரல் எதையெல்லாம் மறுபடி தொடங்க வேண்டும் என்று சொல்லிவிடும். இரண்டாவது விஷயம் கொஞ்சம் பயங்கரமானது. ஒரு பானைப் புளியில் எவராவது எதையாவது கலந்துவிட்டால் பந்தி முழுக்கப் பாதிக்கும். அப்படி ஒன்று நடக்கவும் இருந்தது.

பொட்டலத்தைப் பிரித்தால்

அதற்கு முன்னால் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். டெபியனின் .டெப் கோப்பு ஒரு மூட்டை. அதற்குள் மூன்றே மூன்று உருப்படிகள். முதலாவதில் 2.0 என்ற எண் மட்டும் இருக்கும், மூட்டை எந்த முறையில் கட்டப்பட்டது என்பதற்கான அடையாளம். இரண்டாவது பொட்டலத்தைப் பற்றிய விவரச் சீட்டு. மூன்றாவதுதான் சரக்கு, உங்கள் கணினியில் எந்தெந்த இடத்தில் வைக்க வேண்டுமோ அதே அடுக்கில் கோப்புகள்.

இரண்டாவதில்தான் கண் வைக்க வேண்டும். விவரச் சீட்டோடு சில சிறு நிரல்களும் அதில் இருக்கலாம். கோப்புகளை வைப்பதற்கு முன் ஓட வேண்டியது, வைத்த பின் ஓட வேண்டியது, நீக்கும்போது ஓட வேண்டியது. இவை ரூட் என்ற முழு அதிகாரத்தோடு ஓடும். அதாவது சாமான் கொண்டுவந்தவர் வாசலில் வைத்துவிட்டுப் போவதில்லை. சமையற்கட்டுக்குள் வந்து, அடுப்பைத் தொட்டு, அலமாரியைத் திறந்து, வேண்டுமானால் பூட்டையே மாற்றிவிட்டுப் போகலாம். டெபியன் பொட்டலங்களில் இது நியாயமான வேலைகளுக்குப் பயன்படுகிறது: ஒரு சேவையைத் தொடங்கிவைக்க, பயனர் கணக்கு ஒன்றை உருவாக்க, மெனுவைப் புதுப்பிக்க. ஆனால் தெரியாத இடத்துப் பொட்டலத்துக்கும் இதே அதிகாரம் உண்டு. கடவுச்சொல்லை அடித்து நீங்கள் சரி சொல்லும்போது இந்த அதிகாரத்தைத்தான் கையில் கொடுக்கிறீர்கள்.

முத்திரை சொல்லாதது

முத்திரை என்ன சொல்கிறது? இந்தப் பொட்டலம் மண்டியிலிருந்து வந்தது, வழியில் யாரும் தொடவில்லை. அவ்வளவுதான். உள்ளே இருப்பது நல்ல பொடி என்று அது சொல்வதில்லை.

2008 மே மாதம் டெபியன் ஒரு கசப்பான அறிவிப்பு வெளியிட்டது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் 2006-ல் செய்த ஒரு மாற்றத்தால், சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல்தன்மை ஏறக்குறைய முழுதும் போய்விட்டிருந்தது. மிஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் செயல்முறை எண் ஒன்றுதான். ஒரு வகைக் கணினியில் ஒரு வகைச் சாவி என்றால் மொத்தமே 32,768 சாவிகள்தான் உருவாக முடியும். ஒரு கணினி உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. எச்சரிக்கைச் செய்தி ஒன்றை நிறுத்துவதற்காகச் செய்த திருத்தம். ஆனால் அந்தப் பொட்டலங்கள் எல்லாம் முறையான முத்திரையோடுதான் வந்தன.

2024-ல் நடந்தது கெட்ட எண்ணத்தோடு நடந்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. டெபியன் பொட்டலங்களே அதைக் கொண்டுதான் சுருக்கிக் கட்டப்படுகின்றன. அதன் நூலகம் ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினியிலும் உண்டு. ஒரே பானைப் புளிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அதை லாசே காலின் என்பவர் சம்பளமில்லாமல், தன் சொந்த நேரத்தில் பராமரித்துவந்தார். 2021-ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக உருப்படியான திருத்தங்களை அனுப்பினார். வேறு சில பெயர்களில், "வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள்" என்று காலினுக்கு நெருக்கடியும் வந்தது. கடைசியில் பொறுப்பு பகிரப்பட்டது. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகள் பின்கதவோடு வெளிவந்தன.

ஒளித்துவைத்த விதத்தைக் கவனியுங்கள். எல்லோரும் பார்க்கும் செய்முறைப் புத்தகத்தில் தப்பான வரி எதுவும் இல்லை. மண்டிகளுக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது. சேர்க்க வேண்டிய நஞ்சோ, ருசி பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் மாதிரிக் கிண்ணங்களில் இருந்தது. நிஜத்தில் அவை சோதனைக் கோப்புகள், "வேண்டுமென்றே பழுதாக்கப்பட்டவை" என்ற பெயரில் இருப்பதால் யாரும் திறந்து பார்க்காதவை. நிரலை உருவாக்கும் நேரத்தில் அந்தக் கூடுதல் வரி சோதனைக் கோப்பிலிருந்து நஞ்சை எடுத்து நூலகத்தில் கலந்தது. குறிவைத்தது எக்ஸ்இசட்டை அல்ல, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையை. அந்தச் சேவை நேரடியாக எக்ஸ்இசட்டைப் பயன்படுத்துவதில்லை. டெபியன், ஃபெடோரா போன்றவற்றில் அதை, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு இணைத்திருந்தார்கள். சிஸ்டம்டியின் நூலகம் எக்ஸ்இசட்டின் நூலகத்தை இழுத்துக்கொண்டு வந்தது.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். டெபியனின் வளரும் பதிப்பில் வேறொரு வேகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் நுழைவு 0.299 விநாடியிலிருந்து 0.807 விநாடியாகக் கூடியிருப்பதைப் பார்த்தார். அரை விநாடி. இதை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் இயல்பு. அவர் விடாமல் நோண்டினார். 2024 மார்ச் 29 அன்று தான் கண்டதைப் பகிரங்கமாக அறிவித்தார். டெபியன் 12-ல் பழைய பதிப்பு இருந்ததால் அது தப்பித்தது. நிலையான பதிப்புகளுக்குள் அந்த நஞ்சு போய்ச் சேருவதற்குள் பானை கவிழ்க்கப்பட்டுவிட்டது.

இரண்டு இடத்தில் அரைத்துப் பார்ப்பது

செய்முறைக் குறிப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது திறந்த மூலத்தின் பெருமை. ஆனால் உங்கள் கைக்கு வருவது அரைத்த பொடி. குறிப்பில் உள்ளதுதான் பொடியில் இருக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984-ல் அச்சான தன் டியூரிங் விருது உரையில் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். அரைக்கும் கம்பைலரே நஞ்சைச் சேர்த்தால், குறிப்பை எத்தனை தடவை படித்தும் பிடிபடாது என்று காட்டினார்.

டெபியன் 2013 முதல் இதற்கு ஒரு பதில் தேடிவருகிறது. ஒரே குறிப்பை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடங்களில் அரைக்க வேண்டும். இரண்டு பொடியும் கடைசித் துகள்வரை ஒன்றாக இருந்தால், நடுவில் யாரும் எதையும் சேர்க்கவில்லை. மறுஉருவாக்கத்தக்க கட்டமைப்பு என்று இதைச் சொல்லலாம். கேட்க எளிது, செய்வது கஷ்டம். அரைத்த நேரத்தை நிரலுக்குள் எழுதிவைக்கும் பழக்கம், கோப்புகளை வேறு வேறு வரிசையில் படிப்பது, எந்தக் கோப்புறையில் அரைத்தோம் என்பது என்று நூறு சில்லறைக் காரணங்களால் பொடி மாறும். பல வருடங்களாகத் தொண்டர்கள் பொட்டலம் பொட்டலமாக அவற்றைத் திருத்திவருகிறார்கள்.

எக்ஸ்இசட்டை இது மட்டும் தடுத்திருக்காது. அங்கே மண்டிக்கு வந்த குறிப்பிலேயே நஞ்சு இருந்தது, எத்தனை இடத்தில் அரைத்தாலும் அதே நஞ்சுப் பொடிதான் வந்திருக்கும். பொதுவில் இருக்கும் குறிப்பையும் மண்டிக்கு அனுப்பிய குறிப்பையும் ஒப்பிட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். முத்திரை, தராசு, இரட்டை அரவை, ஒப்பீடு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வாசலைக் காக்கிறது. எல்லா வாசலையும் காக்கும் ஒரே காவல் கிடையாது. அதனால்தான் அரை விநாடிக்குக் காரணம் கேட்கும் மனிதர்களும், சம்பளமில்லாமல் ஒரு நூலகத்தைத் தாங்கிப் பிடிக்கும் மனிதர்களைத் தனியே விடாத சமூகமும் வேண்டும்.

உங்கள் கையில் இருப்பவை

டிஸ்ட்ரோவின் களஞ்சியத்தில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் வேறெங்கும் போக வேண்டாம்.

வேறு களஞ்சியம் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், அது உங்கள் சமையற்கட்டுச் சாவியை இன்னொருவருக்கும் கொடுப்பது என்று புரிந்துகொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் புதுச் சாவியை மொத்தக் கொத்தில் மாட்டிவிடுவார்கள். அப்படி மாட்டினால் அந்த முத்திரை எந்தக் களஞ்சியத்தின் பொட்டலத்துக்கும் செல்லும். இப்போது சைன்ட்-பை என்ற வரியால், இந்தச் சாவி இந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் என்று கட்டிவிடலாம். கட்டிவிடுங்கள்.

"இந்த ஒரு வரியை டெர்மினலில் ஒட்டுங்கள்" என்று ஒரு தளம் சொன்னால் கை நிற்கட்டும். இணையத்திலிருந்து எதையோ இறக்கி, அப்படியே ரூட் அதிகாரத்தில் ஓட்டும் வரியாக இருந்தால், முத்திரையும் இல்லை, தராசும் இல்லை. குறைந்தபட்சம் முதலில் கோப்பாக இறக்கி, திறந்து படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆர்ச் பயன்படுத்துகிறவர்கள் ஏயூஆர் பக்கம் போகும்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே இருப்பவை பயனர்கள் எழுதிப் போட்ட செய்முறைக் குறிப்புகள், அரைப்பது உங்கள் வீட்டில். 2025 ஜூலையில் உலாவிகளின் திருத்திய பதிப்புகள் என்ற பெயரில் மூன்று குறிப்புகள் வந்தன. அவற்றுக்குள் கணினியைத் தொலைவிலிருந்து ஆட்டுவிக்கும் நிரல் இருந்தது. இரண்டு நாளில் நீக்கினார்கள். அங்கே குறிப்பைப் படிப்பது உங்கள் பொறுப்பு.

ஃபிளாட்பேக் போன்ற முறைகள், ஒரு நிரலைத் தன் அடுப்பு, தன் சாமானோடு தனி மூலையில் சமைக்க வைக்கின்றன. முழுச் சமையற்கட்டும் அதன் கைக்கு வராது. ஆனால் எந்தெந்த அறைக்குள் போக அனுமதி கேட்கிறது என்பதைப் பாருங்கள். உங்கள் முகப்புக் கோப்புறை முழுவதையும் கேட்டால், தனி மூலை என்பது பெயரளவுக்குத்தான்.

வன்பொருள் வாங்கும்போதும் இதே கேள்விதான். லேப்டாப்பின் ஃபர்ம்வேர் திருத்தங்களை லினக்ஸிலிருந்தே, கையொப்பத்தோடு பெறுவதற்கு எல்விஎஃப்எஸ் என்ற களஞ்சியம் இருக்கிறது. வாங்க நினைக்கும் மாடலுக்கு அதன் தயாரிப்பாளர் அங்கே திருத்தங்களை வெளியிடுகிறாரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். செயலியின் வேகத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கணினி ஐந்து வருடம் பாதுகாப்பாக ஓடுமா என்பதை இந்த ஒரு தகவல்தான் சொல்லும்.

பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வந்து சேர அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பொட்டலத்தைப் போட்டுவிடுங்கள். தெரிந்த ஓட்டையை அடைக்காமல் விட்ட கணினிதான் திருடனுக்கு முதல் இலக்கு.

கடைசியாக, இன்றைக்கே செய்ய ஒரு வேலை. ஈடிசி கோப்புறைக்குள் ஆப்ட் என்ற கோப்புறை இருக்கும். அதில் சோர்சஸ் என்று தொடங்கும் கோப்பையும் கோப்புறையையும் திறந்து, உங்கள் கணினி யார் யாரிடமிருந்து பொட்டலம் வாங்குகிறது என்று வரி வரியாகப் படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும், "இந்த முத்திரை யாருடையது, இவருக்கு என் சமையற்கட்டில் இன்னும் என்ன வேலை?" என்று கேளுங்கள். பதில் தெரியாத வரியை நீக்கிவிட்டு, அதிலிருந்து வந்த பொட்டலங்களையும் எடுத்துவிட்டு, ஒரு முறை அப்டேட் செய்யுங்கள்.